பசித்து வந்த இரும்பு மீன்கள்

எங்கள் காலை நிகழ்ச்சியில் பிள்ளைகள் அழைத்துக் கேள்வி கேட்கும் ஓர் அங்கம் உண்டு. பள்ளி விடுமுறை நாளொன்றில் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சிறுவன் பேசினான். "அக்கா, நீர்மூழ்கிக் கப்பலுக்கு எண்ணெய் எங்க ஊத்துவாங்க? கடலுக்கு அடியில பெட்ரோல் ஸ்டேஷன் இருக்கா?"

நிலையத்தில் எல்லாரும் சிரித்தோம். "நல்ல கேள்விப்பா, தேடிப் பார்த்துட்டு அடுத்த வாரம் சொல்றேன்" என்று சொல்லி ஒரு பாட்டைப் போட்டுத் தப்பித்துக்கொண்டேன். பிறகு உட்கார்ந்து படிக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, அவன் கேட்ட கேள்விக்கான விடை என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறது என்று.

ஜார்ஜ்டவுன் கடற்கரையில் சுவெட்டன்ஹாம் துறைமேடை இருக்கிறதே, இன்று மாடி மாடியாகச் சுற்றுலாக் கப்பல்கள் வந்து நிற்கும் இடம், இரண்டாம் உலகப் போரில் அங்கே ஜப்பானிய, ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வந்து நின்றன. எண்ணெய் ஊற்றிக்கொண்டன, டார்பிடோ ஏற்றிக்கொண்டன, பழுது பார்த்துக்கொண்டன. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நம் பினாங்கு ஒரு நீர்மூழ்கித் தளமாக இருந்தது.

வேலைக்குப் போகும்போதும் நண்பர்களோடு மாலைக் காற்று வாங்கும்போதும் நாம் அந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறோம். ஆனால் இந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரியாது.

கடலில் ஒரு தாய்வீடு

முதலில் அந்தச் சிறுவனின் கேள்விக்கே வருவோம். நீர்மூழ்கி என்றவுடன் நாம் நினைப்பது, யாருக்கும் தெரியாமல் தனியாகத் திரியும் ஒரு வேட்டை விலங்கை. உண்மையில் அதைப் போல் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும் கப்பல் வேறில்லை.

அந்தக் காலத்து நீர்மூழ்கிகள் நீர்மட்டத்துக்கு மேலே டீசலில் ஓடும். கீழே மூழ்கினால் பேட்டரியில் ஓடும். கார் பேட்டரி போன்ற ஈய அமில பேட்டரிகள்தான். ஆனால் ஒவ்வொரு கலமும் அதைவிடப் பல மடங்கு பெரியது. அவற்றுக்கு வடித்த தண்ணீர் வேண்டும். டீசல் வேண்டும், மசகெண்ணெய் வேண்டும். நீரைத் தள்ளி மேலே எழும்ப அழுத்தக் காற்று வேண்டும். ஐம்பது அறுபது பேருக்கு மாதக்கணக்கில் சாப்பாடும் குடிநீரும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, டார்பிடோ வேண்டும். ஜெர்மானியரின் மின்சார டார்பிடோ ஒன்று 7 மீட்டருக்கு மேல் நீளம், சுமார் 1,600 கிலோ எடை. அதைப் பாரந்தூக்கியால் இறக்கி, கப்பலின் மேல்தளத்தில் சாய்வாகத் திறக்கும் ஒரு துளை வழியே, ஊசியில் நூல் கோப்பதுபோல் உள்ளே விட வேண்டும். அலையடிக்கும் கடலில் அது உயிர் போகும் வேலை.

இத்தனையும் செய்வதற்கென்றே கடற்படைகள் ஒரு தனிவகைக் கப்பலைக் கட்டின. தாய்க்கப்பல் என்று சொல்லலாம். அதில் இரும்புப் பட்டறை இருக்கும், கடைசல் இயந்திரம் இருக்கும், டார்பிடோவைப் பிரித்துச் சோதிக்கும் கூடம் இருக்கும். மின்சாரம் உற்பத்தி செய்து பக்கத்தில் நிற்கும் நீர்மூழ்கிகளுக்குக் கொடுக்கும். ரொட்டி சுடும் அடுப்பு, துணி வெளுக்கும் அறை, மருத்துவர், பல் வைத்தியர் எல்லாம் உண்டு. வாரக்கணக்கில் குளிக்காமல், டீசல் வாடையில் கிடந்த மாலுமி அங்கே ஏறி வெந்நீரில் குளித்து, கால் நீட்டிப் படுப்பான். பெண் பிள்ளைகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவார்கள் அல்லவா, அதுபோல.

ஆக, தம்பி, கடலுக்கு அடியில் பெட்ரோல் ஸ்டேஷன் இல்லை. கடலுக்கு மேலே இருந்தது. அது இல்லாதபோது என்ன ஆகும் என்பதைத்தான் பினாங்குக் கதை சொல்கிறது.

கொடி இறங்கிய நாள்

1941 டிசம்பர் 11. ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுனைக் குண்டு வீசித் தாக்கின. விமானம் பார்க்கத் தெருவில் கூடிய மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். சில நாள்களில், டிசம்பர் 16 இரவு வாக்கில், ஐரோப்பியர்கள் சத்தமில்லாமல் தீவை விட்டு வெளியேறினார்கள். உள்ளூர் மக்களுக்குச் சொல்லவில்லை.

அப்போது முன்வந்து நின்றவர்களில் ஒருவர் இலங்கைத் தமிழர் எம். சரவணமுத்து. 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியது அவர்தான். பினாங்கு வானொலி நிலையத்தைத் திரும்ப இயக்கி, பிரிட்டிஷார் போய்விட்டார்கள், இந்தத் தீவைக் காக்கப் படை ஏதும் இல்லை, இனிக் குண்டு போட வேண்டாம் என்ற செய்தியை ஒலிபரப்பச் செய்தார். மைக்கைப் பிடித்துப் பிழைக்கும் என் போன்றவர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒலிபரப்பு அது. டிசம்பர் 19 அன்று ஜப்பானியர் தீவில் கால் வைத்தார்கள்.

ஆழமான துறைமுகம், மலாக்கா நீரிணையின் வடக்கு வாசல், அந்தப் பக்கம் இந்தியப் பெருங்கடல். நீர்மூழ்கிக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்குமா? 1942 தொடக்கத்திலேயே ஜப்பானிய நீர்மூழ்கிகள் பினாங்கிலிருந்து புறப்படத் தொடங்கின. ஏப்ரல் இறுதியில் கிளம்பிய ஓர் அணி ஆப்பிரிக்கக் கரை வரை போய், மே 30 அன்று மடகாஸ்கரின் தியேகோ சுவாரஸ் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கப்பல்களைத் தாக்கியது. அத்தனை தூரம் போகும் நீர்மூழ்கிகளுக்கு வழியில் எண்ணெயும் பொருளும் கொடுக்க 'ஐகோகு மாரு', 'ஹோகோகு மாரு' என்ற இரண்டு ஆயுதக் கப்பல்கள் உடன் போயின.

அந்த ஹோகோகு மாருவின் முடிவை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1942 நவம்பர் 11 அன்று, இந்தியக் கடற்படையின் 'பெங்கால்' என்ற சின்னஞ்சிறு கண்ணிவாரிக் கப்பலும், அதன் துணையோடு போன 'ஒண்டினா' என்ற டச்சு எண்ணெய்க் கப்பலும் இந்த இரண்டு பெரிய கப்பல்களிடம் மாட்டிக்கொண்டன. தப்பிக்க வழியில்லாத நிலையில் திருப்பிச் சுட்டார்கள். ஒரு குண்டு சரியான இடத்தில் பட்டது. பத்தாயிரம் டன் ஹோகோகு மாரு தீப்பற்றி வெடித்து மூழ்கியது. பெங்கால் உயிரோடு கரை சேர்ந்தது.

ஜெர்மானியர் வந்தார்கள்

1943 நடுவில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வரத் தொடங்கின. அட்லாண்டிக்கில் அவர்களுக்கு அடி மேல் அடி. இந்தியப் பெருங்கடலில் இன்னும் காவல் குறைவு என்று கணக்குப் போட்டு, 'மொன்சூன் குழு' என்ற பெயரில் ஓர் அணியை அனுப்பினார்கள். பருவமழை முடியும் நேரத்தில் வந்து தாக்கும் திட்டம் என்பதால் அந்தப் பெயர். அந்த முதல் அணியில் பினாங்கை எட்டியவை நான்கே நான்கு: யூ-168, யூ-183, யூ-188, யூ-532. அவற்றுக்கு முன்பே ஆகஸ்டில் வந்துவிட்ட யூ-178இன் தலைவர் வில்ஹெல்ம் டொம்மஸ், பினாங்குத் தளத்தின் பொறுப்பாளர் ஆனார்.

ஐரோப்பாவிலிருந்து வந்த மாலுமிகளுக்கு நம் ஊர் சொர்க்கமாகத்தான் தெரிந்திருக்கும். பினாங்கு மலையின் பங்களாக்களில் ஓய்வெடுத்தார்கள். ஆனால் அவர்கள் வந்த கப்பல்களின் நிலை வேறு.

பினாங்கில் நீர்மூழ்கியைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்திப் பழுது பார்க்கப் போதிய உலர்துறை வசதி இல்லை. பெரிய வேலை என்றால் சிங்கப்பூருக்குப் போக வேண்டும். பேட்டரி மாற்ற வேண்டுமென்றால் ஜப்பானுக்கே போக வேண்டும். பயிற்சி பெற்ற தொழிலாளர் பற்றாக்குறை. மாதக்கணக்கில் கடலில் கிடந்து வந்த மாலுமிகளே ஸ்பேனரைப் பிடித்து வேலை பார்த்தார்கள். உதிரிபாகம் இல்லை. டார்பிடோ இருந்தது, ஆனால் போதாது. முற்றுகையைத் தாண்டி வந்த சரக்குக் கப்பல்கள் கொண்டுவந்து இறக்கியவை அவை. நம் ஊர் வெக்கையிலும் புழுக்கத்திலும் மாதக்கணக்கில் கிடந்து பலவும் கெட்டுப்போயிருந்தன. மின்சார டார்பிடோவின் பேட்டரியை அடிக்கடி சார்ஜ் செய்து பராமரித்தால்தான் அது ஒழுங்காக ஓடும். நல்ல பட்டறை இல்லாத ஊரில் ஏற்றிய டார்பிடோ நடுக்கடலில் காலை வாரியது.

டார்பிடோ இல்லாத இடத்தில் சரக்கு ஏற்றினார்கள். வெள்ளீயம், ரப்பர், டங்ஸ்டன் தாது, கொயினா. ஜெர்மனியின் தொழிற்சாலைகள் ஏங்கிக் கிடந்த பொருள்கள். போர் முடிந்தபோது சரணடைந்த யூ-532, லிவர்பூல் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் வயிற்றில் 100 டன்னுக்கு மேல் வெள்ளீயம் இருந்தது, ரப்பரும் இருந்தது. வேட்டைக்குப் போன கப்பல் மாட்டுவண்டி ஆகிவிட்டது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்த ரப்பர் யாருடையது? மலாயாத் தோட்டங்களில் விடியலுக்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவியவர்கள் யார்? நம் தாத்தா பாட்டிகள். அந்தத் தோட்டங்களில் அரிசி இல்லாமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்த அதே ஆண்டுகள் அவை. பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்கு அள்ளிச் செல்லப்பட்ட அதே 1943. ஒரு பக்கம் தோட்டத்துப் பால் கப்பலேறியது. இன்னொரு பக்கம் அதைச் சீவிய கை காட்டில் புதைந்தது.

வானலையில் கசிந்த ரகசியம்

பினாங்குக்கும் பிரான்சுக்கும் நடுவே இரண்டு பெருங்கடல்கள். வழியில் எண்ணெய் கொடுக்க யாராவது வேண்டும். இதற்காக ஜெர்மானியர் பத்து நீர்மூழ்கிகளையே எண்ணெய்க் கப்பல்களாகக் கட்டியிருந்தார்கள். தாக்குவதற்கு டார்பிடோக் குழாய்கூட இல்லாதவை அவை. அடுத்த கப்பல்களுக்குக் கொடுக்க நானூறு டன்னுக்கு மேல் எண்ணெய், நான்கு டார்பிடோ, ரொட்டி சுடும் அடுப்பு. மாலுமிகள் அவற்றுக்கு வைத்த செல்லப் பெயர் 'பால்மாடு'. பத்தும் மூழ்கடிக்கப்பட்டன, ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிரிட்டிஷ், அமெரிக்கத் தரப்புக்கு ஓர் எளிய கணக்குப் புரிந்திருந்தது: கன்றுகளைத் துரத்திக் கொண்டிருப்பதைவிட மாட்டைப் பிடித்தால் போதும்.

இந்தியப் பெருங்கடலில் இந்த வேலையைச் செய்தவை 'சார்லோட்டே ஷ்லீமான்', 'பிராக்கே' என்ற இரண்டு எண்ணெய்க் கப்பல்கள். மொரிஷியஸுக்குத் தெற்கே, கப்பல் நடமாட்டம் இல்லாத வெறுங்கடலில் குறித்த நாளில் காத்திருந்து, வரும் நீர்மூழ்கிகளுக்குக் குழாய் போட்டு எண்ணெய் கொடுக்கும். 1943இல் இது நன்றாகவே நடந்தது.

ஆனால் எங்கே சந்திப்பது, எப்போது சந்திப்பது என்பதை வானொலியில்தானே சொல்ல வேண்டும்? ரகசியக் குறியீட்டில் சொன்னார்கள். அந்தக் குறியீட்டை பிரிட்டிஷார் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் உட்கார்ந்து உடைத்துப் படித்துக் கொண்டிருந்தார்கள். 1944 பிப்ரவரி 12 அன்று 'ரிலென்ட்லெஸ்' என்ற போர்க்கப்பல் சார்லோட்டே ஷ்லீமானைப் பிடித்தது. ஒரே மாதத்தில், மார்ச் 12 அன்று, 'ரோபக்' என்ற கப்பல் பிராக்கேயை முடித்தது. அப்போது அருகில் மூன்று நீர்மூழ்கிகள் எண்ணெய்க்கு வந்திருந்தன. அவற்றில் யூ-188 மட்டுமே ஐரோப்பாவை நோக்கிப் பயணத்தைத் தொடர முடிந்தது. மற்ற இரண்டும், எண்ணெய் போதாமல், வந்த வழியே திரும்பின.

எதிர்க்கரையில் திருகோணமலை

இப்போது வரைபடத்தை எடுத்து, பினாங்கிலிருந்து விரலை நேர் மேற்கே நகர்த்துங்கள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போனால் இலங்கையின் கிழக்குக் கரை. கோணேசர் கோயில் இருக்கும் திருகோணமலை. அங்கே பிரிட்டிஷார் 'அடமன்ட்' என்ற தாய்க்கப்பலை நிறுத்தியிருந்தார்கள். பெல்ஃபாஸ்டில் கட்டியது, 12,700 டன். 1944இல் 'மெய்ட்ஸ்டோன்' என்ற இன்னொரு தாய்க்கப்பலும் அங்கே வந்து சேர்ந்தது. பட்டறை, டார்பிடோக் கூடம், படுக்கை, ரொட்டி என்று நான் முதலில் சொன்ன அத்தனையும் உள்ள தாய்வீடுகள்.

அந்தத் தாய்வீட்டில் பசியாறிக் கிளம்பிய நீர்மூழ்கிகள் வந்து நின்ற இடம் எது தெரியுமா? நம் வாசல்.

இலங்கையிலிருந்து வந்த 'டாரஸ்', 1943 நவம்பர் 13 அன்று பினாங்குக்கு வெளியே ஜப்பானின் ஐ-34ஐ மூழ்கடித்தது. 1944 ஜனவரி 11 அன்று 'டாலி-ஹோ', 'குமா' என்ற ஜப்பானியப் போர்க்கப்பலைப் பினாங்கின் வடமேற்கே வீழ்த்தியது. அடுத்த மாதமே நீரிணையில் ஜெர்மானியரின் யூஐடி-23ஐயும் முடித்தது. அந்தப் பயணத்தில் ஒரு ஜப்பானியப் படகு டாலி-ஹோவின் மேல் மோதியது. அதன் சுழலி கப்பலின் பக்கத்தைச் சீப்பால் கீறியதுபோல் வரிவரியாகக் கிழித்துவிட்டது. அப்படியே ஒருக்களித்துக்கொண்டு அது இலங்கைக்குப் போய்ச் சேர்ந்தது. சீர்செய்துகொண்டு மறுபடி வந்தது.

அதுதான் வித்தியாசம். இரு பக்கமும் துணிச்சலுக்குக் குறைவில்லை. ஒரு பக்கம் அடிபட்டால் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. இன்னொரு பக்கம் வந்து சேர்ந்தாலும் மாற்றிக்கொள்ள ஒரு பேட்டரி இல்லை.

யூ-859இன் கதை என் மனத்தை விட்டு அகலாதது. 1944 ஏப்ரல் 4 அன்று ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஐந்தரை மாதப் பயணம். செப்டம்பர் 23 அன்று பினாங்கை நெருங்கிவிட்டது. கரை தெரியும் நேரம். வெளியே 'டிரென்சன்ட்' என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி காத்திருந்தது. 47 பேர் மாண்டார்கள்; 20 பேர் பிழைத்தார்கள். அது சுமந்து வந்த பாதரசக் குப்பிகளை 1970களில்தான் கடலடியிலிருந்து எடுத்தார்கள். பத்து ஃபெரிங்கி கடற்கரையில் மணல் வீடு கட்டும் நம் பிள்ளைகள் பார்க்கும் அதே கடல் அது.

இங்கே ஏற்றியது அங்கே வெடித்தது

வியப்போடு நிறுத்திவிடக் கூடாத கதை இது. பினாங்கில் ஏற்றிய டார்பிடோக்கள் எங்கோ போய் யாரையோ கொன்றன.

1944 பிப்ரவரி 12. மேலே சொன்ன சார்லோட்டே ஷ்லீமான் மூழ்கிய அதே நாள். பினாங்கைத் தளமாகக் கொண்ட ஐ-27, மாலத்தீவு அருகே 'கெடிவ் இஸ்மாயில்' என்ற பயணிக் கப்பலைத் தாக்கியது. மொம்பாசாவிலிருந்து கொழும்புக்குப் படைவீரர்களையும் செவிலியர்களையும் ஏற்றி வந்த கப்பல். இரண்டு நிமிடத்துக்குள் மூழ்கிவிட்டது. இறந்தவர்கள் 1,297 பேர். அன்றே ஐ-27உம் அழிக்கப்பட்டது.

இன்னொரு பக்கம், இதே துறையிலிருந்து நம்பிக்கையோடு கிளம்பியவர்களும் உண்டு. பினாங்கில் இயங்கிய சுயராஜ்யப் பயிற்சி நிலையத்தின் இளைஞர்கள் சிலரை, 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று மலபார்க் கரையில் இறக்கிவிட்டது. பிடிபட்டார்கள். அவர்களில் வக்கம் அப்துல் காதரும் தோழர்களும் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னை மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், மடகாஸ்கருக்கு அப்பால் கொந்தளிக்கும் கடலில், ஜெர்மானிய யூ-180இலிருந்து ரப்பர்ப் படகில் ஏறி, ஜப்பானிய ஐ-29க்கு மாறினார் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். அவரை அழைத்துவர ஐ-29 புறப்பட்டது நம் பினாங்கிலிருந்துதான்.

1944 அக்டோபரில் இந்தியாவிலிருந்து பறந்து வந்த பிரிட்டிஷ் விமானங்கள் பினாங்குத் துறைமுக வாயிலில் கண்ணிவெடிகளைப் போட்டன. உள்ளே வரவும் ஆபத்து, வெளியே போகவும் ஆபத்து. அந்த ஆண்டு முடிவதற்குள் ஜெர்மானியர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு பத்தாவியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். துறை மறுபடி அமைதியானது.

இன்றும் ஓயாத பசி

இது பழங்கதை மட்டுமல்ல. இன்று மலேசியாவிடம் 'துங்கு அப்துல் ரஹ்மான்', 'துன் ரசாக்' என்று இரண்டு நீர்மூழ்கிகள் இருக்கின்றன. அவற்றின் தாய்வீடு சபாவில், கோத்தா கினபாலு அருகே செப்பாங்கார் தளம். இந்தியக் கடற்படை 1968 முதல் 2006 வரை 'அம்பா' என்ற தாய்க்கப்பலை வைத்திருந்தது. அமெரிக்காவின் 'எமரி எஸ். லாண்ட்' 2024இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே போய் நின்று, அணுசக்தி நீர்மூழ்கி ஒன்றைப் பழுது பார்த்தது. ஆஸ்திரேலிய மாலுமிகளும் கூட நின்று வேலை கற்றுக்கொண்டார்கள். அணுசக்திக் கப்பலுக்கு எண்ணெய் வேண்டாம். ஆனால் அரிசியும் ரொட்டியும் வேண்டும், உதிரிபாகம் வேண்டும், டார்பிடோ வேண்டும்.

எந்தத் துறை எந்தக் கப்பலுக்குச் சோறு போடுவது என்று நாடுகள் பேசிக்கொள்ளும்போது, அதைப் பெரியவர்கள் விவகாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். சோறு போடும் துறைதான் முதலில் குறிவைக்கப்படும். அது 1944இல் பினாங்கின் அனுபவம். அந்தத் துறையில் யாரை நிறுத்துவது என்று அன்று இந்த ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை.

மறுவாரம் அந்தச் சிறுவனை நானே அழைத்தேன். நேரலையில் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடிந்ததைச் சொன்னேன். ஃபெரி ஏறி வந்தால் அந்த இடத்தைக் காட்டலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: "அப்போ அந்தக் கப்பல்ல வந்தவங்களுக்கு யாரு அக்கா சோறு சமைச்சுப் போட்டாங்க? நம்ம ஆளுங்களா?"

இருக்கலாம் தம்பி. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தொண்ணூறைத் தாண்டிய பாட்டி தாத்தா யாராவது இருந்தால், இந்த ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.